இறக்கைக்கு வைத்த சந்தனம்

எங்கள் வீட்டு முற்றத்துக்கு விமானம் லொறியில்தான் வந்தது, பெட்டி பெட்டியாக. நான் அன்று பெரியபிள்ளையான பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சாமத்திய வீட்டுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். லொறிக்காரர் இரண்டு பேர், ஆளை விட நீளமான ஒரு பெட்டியை முன்னும் பின்னுமாகப் பிடித்துக்கொண்டு, "எங்க வைக்கிற அக்கா?" என்று கேட்டார்கள்.

"என்ட தலையில வையுங்க" என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். என் கணவர் சிரிக்கவில்லை. அவர் பெட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆசுபத்திரியில் மகளை முதன்முதல் கையில் வாங்கியபோதும் அவருக்கு அந்த முகம்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் ஆண்தான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். இவரும் அப்படித்தான் நாவற்குடாவுக்கு வந்தார். வந்து சில வருடங்களில் வளைகுடாவுக்குப் போய்விட்டார். அங்கே பத்தொன்பது வருடம் ஊராருடைய விமானங்களுக்கெல்லாம் வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது, தனக்கென்று ஒன்று வேண்டும் என்ற ஆசையையும் கட்டிக்கொண்டு வந்தார். வெளிநாட்டில் இதை உதிரியாக விற்கிறார்களாம். குழாய், ஆணி, துணி, எஞ்சின், ஒரு கட்டு வரைபடம். வீட்டிலேயே வைத்து ஒன்றாகப் பூட்டி, அரசாங்க ஆட்கள் வந்து பார்த்து அனுமதி தந்தால் பறக்கலாம். கொழும்புப் பக்கம் ரத்மலானையில் போய்ப் பறக்கப் படித்து அனுமதிப் பத்திரமும் எடுத்துவிட்டார். அதெல்லாம் வயது போனவரின் விளையாட்டு என்று நான் பேசாமல் விட்டிருந்தேன். பெட்டிகள் வந்து இறங்கும் என்று நினைக்கவில்லை.

"வீடு என்ட பேரில இருக்கு. ஆரைக் கேட்டு இதெல்லாம்?" என்றேன்.

"நான் வீட்டையா கேட்டன்? முத்தத்தத்தானே கேக்கிறன்" என்றார்.

என் தையல் அறையை ஒட்டித் தகரக் கொட்டகை ஒன்று எழும்பியது. ஒரு நாள் வரைபடத்தை விரித்துக் காட்டினார். அதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கைகள் இருந்தன. மற்றது யாருக்கு என்று கேட்டேன். "உனக்குத்தான் புள்ள" என்றார். ஒற்றை இருக்கையில் வருவது கிடைத்ததாம், வேண்டாம் என்று விட்டாராம்.

"நீங்க தலைகீழா நிண்டாலும் நான் ஏறமாட்டன்" என்றேன். அவர் வரைபடத்தைச் சுருட்டி வைத்தார்.

ஏன் ஏறமாட்டேன் என்பது அவருக்கு உண்மையில் தெரியாது. அது எஞ்சினை முதன்முதல் முடுக்கிய நாளில்தான் வெளியே வந்தது. இறக்கை பூட்டுவதற்கு முன், உடம்பு மட்டும் எலும்புக்கூடாக நின்ற நேரம். பகல் பத்து மணி இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் முடுக்கிவிட்டார். அந்தச் சத்தம் தகரத்தில் பட்டு அறைக்குள் வந்த மறு கணம் நான் மெஷினுக்கு அடியில் கிடந்தேன். நானாகப் போய்ப் படுக்கவில்லை. உடம்பு தானாகப் போய் விழுந்துவிட்டது. கையில் கத்தரிக்கோல் இருந்தது. ஐம்பது வயதுக்காரி, துணித் துண்டுகளுக்கு நடுவில் குப்புறக் கிடந்து, மகளைத் தேடிக் கையால் நிலத்தைத் துழாவிக்கொண்டிருந்தேன். மகள் அப்போது பேராதனையில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, "கேட்டியா சத்தம்?" என்று சிரிப்போடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பக்கத்து வீட்டில் யாரோ அழுகிற சத்தம் கேட்டது. அங்கேயும் பிள்ளையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போயிருந்தார்கள். சண்டைக் காலத்தில், குண்டு போடப் பொம்மர் பறந்த வருடங்களில் நாங்கள் இங்கே இருந்தோம், அவர் அங்கே இருந்தார். விமானச் சத்தம் அவருக்குச் சம்பளம். எங்களுக்கு அது வேறு.

அன்று பின்னேரம் அவர் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு எஞ்சினை முடுக்குவதென்றால் முதல் நாளே எல்லா வீட்டுக்கும் போய் நேரம் சொல்லிவிட்டு வருவார். "நாளைக்கு நாலு மணிக்கு, அஞ்சு நிமிசம் மட்டும்" என்பார். பக்கத்து வீட்டுக்காரி அந்த நேரத்துக்கு ரேடியோவைச் சத்தமாகப் போட்டுக்கொள்வாள். என்னிடம் அவர், "வித்திடவா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவருடைய கண்ணைப் பார்த்துவிட்டு, "எனக்கென்ன, உங்கட சாமான்" என்று சொல்லிவிட்டேன். அது என்னுடைய பலவீனம்.

பிறகு அவர் என் அயன் பெட்டியில் கை வைத்தார். இறக்கை என்பது ஒரு சட்டம், அதன் மேல் துணி. துணியை ஒட்டி, அயன் பண்ணினால் அது சுருங்கி மேளம் போல இறுகுமாம். சூடு கூடினால் துணி போச்சு. அவர் வெப்பமானியை வைத்து அளந்து அளந்து தேய்ப்பதை ஒரு மணித்தியாலம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. முப்பது வருடம் துணியோடு சீவிக்கிற ஒருத்தியின் கண்முன்னால் அப்படித் தேய்க்கக் கூடாது. "தள்ளுங்க" என்று வாங்கினேன். அயன் பெட்டியை வாங்கினவள் ஊசியையும் வாங்கவேண்டி வந்தது.

துணியைச் சட்டத்தோடு சேர்த்து ஊசியால் கட்டவேண்டும், கைப்பிடி அகலத்துக்கு ஒரு முடிச்சு. இறக்கையை நிமிர்த்தி வைத்து, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். முழங்கை நீளத்துக்கு ஓர் ஊசி. நான் குத்தி அனுப்புவேன், அவர் வாங்கித் திருப்பிக் குத்துவார். முடிச்சின் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வாவிக்கரையில் கிழிந்த வலை பொத்துகிறவர்கள் போடும் முடிச்சுக்குக் கிட்டத்தட்ட அதுதான். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஊசி முனை மட்டும் துணியைத் துளைத்துக்கொண்டு வரும், போகும். அப்படியே பல நாள் தைத்தோம்.

ஒரு நாள் அந்தப் பக்கமிருந்து கேட்டார்: "அந்தக் காலத்தில, சத்தம் கேட்டா எங்க படுப்பாய்?"

"எங்க எண்டு இல்ல. ஒருக்கா கரடியனாத்தில, அம்மாட வயல் வட்டையில. வெள்ளாமை வெட்டுற நேரம். வரம்போரம் புள்ளயக் கீழ போட்டு மேல நான் படுத்தன். அவள்ட வாய்க்குள்ள சேறு போய்ட்டு. மூச்சு விடுறாளா எண்டு பாக்கக்கூட நிமிரப் பயம்."

ஊசி திரும்பி வரவில்லை.

"ஊசிய விடுங்க" என்றேன்.

"நீ ஃபோனில ஒரு நாளும் சொல்லல்லியே."

"அஞ்சு நிமிசம் கதைக்கிறதில என்னத்தச் சொல்ற? நீங்க அங்க தனியக் கிடந்து அழுவீங்க."

கொஞ்ச நேரம் கழித்து ஊசி வந்தது. வந்த இடம் கோணல். பிரித்துவிட்டுத் திரும்பக் குத்தச் சொன்னேன்.

கட்டிய காலத்தை விட அனுமதிக்கு அலைந்த காலம் கூட. கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி மூன்று தடவை வந்தார். கடைசித் தடவை என் முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, யார் தைத்தது என்று சிங்களத்தில் கேட்டார். இவர் என்னைக் காட்டினார். "ஹொந்தாய்", நல்லது, என்று அதிகாரி தலையாட்டினார். நான் சந்தோசத்தைக் காட்டிக்கொள்ளாமல் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன்.

முதல் பறப்புக்கு நாள் வந்தது. இவர் தனியாகத்தான் பறக்கவேண்டும், அது சட்டம். நான் ஓடுபாதைக்கும் வரமாட்டேன் என்று முதலே சொல்லியிருந்தேன். விடியவே இறக்கைகளை மடித்து, வண்டியில் ஏற்றி, காத்தான்குடி நண்பரோடு போய்விட்டார். அந்த நண்பர் இவரோடு வளைகுடாவில் வேலை செய்தவர். விமானத்துக்கு நிறம் அடித்துத் தந்தவரும் அவர்தான். இவருக்கு அவர் மச்சான், எனக்கு அண்ணன் முறையில் நானா.

நான் மெஷினில் இருந்தேன். கால் மிதிக்கிறது, தையல் எங்கேயோ போகிறது. ஒரே சட்டைக் கையை இரண்டு தரம் மூட்டிவிட்டேன். அப்போது எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. இத்தனை முடிச்சுப் போட்டவள், ஒரு பொட்டு வைக்காமல் அனுப்பிவிட்டேனே என்று. எழும்பிச் சந்தனம் குழைத்தேன். தட்டில் குங்குமம், சூடம், தேசிக்காய், தேங்காய் எல்லாம் எடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன். விமான நிலைய வாசலில் நின்ற காவல்காரர் பெயர்ப் பட்டியலைப் பார்த்து என்னை உள்ளே விட்டார். வரமாட்டேன் என்று சொன்ன என்னுடைய பெயரையும் இவர் எழுதிக் கொடுத்திருந்திருக்கிறார்.

அவர் விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கொப்பியில் எல்லாம் சரி போட்டு, மூடிக் கையில் வைத்திருந்தார். ஓட்டோவிலிருந்து தட்டோடு நான் இறங்குவதைக் கண்டதும் அப்படியே நின்றார்.

சூடம் காட்டினேன். சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்தேன். தேங்காயை ஓங்கியபோது நானா கையைக் காட்டி ஓடிவந்தார். "தங்கச்சி, இதில வேணாம். சிரட்டைத் துண்டு ரயரில ஏறிடும். வேலிப் பக்கம் உடைங்க." எவ்வளவு கவனம் பாருங்கள். வேலிப் பக்கம் போய் உடைத்தேன். பிறகு சந்தனம். ஆயுத பூசைக்கு என் மெஷினுக்கு எப்படி வைப்பேனோ அப்படித்தான் வைத்தேன். மூக்குக்கு, சில்லுகளுக்கு, கதவுக்கு. இறக்கைக்கு எங்கே வைப்பது? நெற்றி மாதிரி அதில் ஒன்றும் இல்லை. இடது இறக்கையில் மட்டும் சுண்டுவிரல் தடிப்பில் ஒரு சின்னக் குழாய் முன்னுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் தாராளமாக வைத்தேன். மேலே குங்குமமும் வைத்தேன். கடைசியாக அவருடைய நெற்றிக்கு.

அவர் ஏறினார். ஓடினார். நிலத்தை விட்டு எழும்பினார். நான் தைத்த துணி வெயிலில் மினுங்கிக்கொண்டு மேலே போனதைப் பார்த்தபோது, பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் நானாவின் கையிலிருந்த ரேடியோவில் அவர் குரல் வந்தது. "மச்சான், வேக முள் நிண்டுட்டு. ஓடக்குள்ள எழும்பினது. இப்ப அசையுதில்ல."

"என்ன நானா?" என்றேன்.

அவர் சொல்லாமல் விடப் பார்த்தார். நான் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துவிட்டேன். "எவ்வளவு வேகத்தில போறம் எண்டு காட்டுற முள், தங்கச்சி. அது இல்லாம இறங்கணும். மெதுவா வந்தா விழுந்திடும். கூட வந்தா பாதை முடிஞ்சிடும்."

பாதை முடிகிற இடத்தில் புல், புல்லுக்கு அங்கால வாவி. நான் தட்டை இறுக்கிப் பிடித்தேன். நானா மட்டும் சோறு தின்னக் கூப்பிடுகிற குரலில் பேசினார். "அவசரமில்ல மச்சான். சத்தத்த வெச்சுப் பிடி. காத்துச் சத்தம் உனக்குத் தெரியாததா?" ஒரு தரம் வந்தார். வேகம் கூடிப்போய், பாதைக்கு மேலாகவே கடந்து திரும்ப ஏறினார். இரண்டாம் தரம் பாதி வழியில் சில்லு பட்டது, துள்ளியது, திரும்பப் பட்டது. புல்லுக்குள் கொஞ்சத் தூரம் ஓடி நின்றது. நான் தட்டை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தேன். என் சேலையெல்லாம் குங்குமம்.

அவர் இறங்கினார். இடது இறக்கைப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கன நேரம் நின்றார். கைலேஞ்சி எடுத்து எதையோ துடைத்தார். பிறகு நடந்து வந்தார்.

"குளவி" என்றார். "குழாய்க்குள்ள கூடு கட்டியிருக்கு."

நானா விமானத்தைப் பார்த்தார், என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார், கடைசியில் வானத்தைப் பார்த்தார். "ஓம் தங்கச்சி. இந்த மாசம் குளவி கூடத்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்து நான் குளவிகளை வைது தீர்த்தேன். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கொட்டகை முழுக்கத் தேடினேன். தகரத்துக்குக் கீழே உண்மையாகவே ஒரு கூடு இருந்தது, அடித்து விழுத்தினேன். அவர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் உடுப்புக் கழுவும்போது அவருடைய காற்சட்டைப் பைக்குள் கைலேஞ்சி அகப்பட்டது. சுருட்டிய கைலேஞ்சிக்குள் ஓர் ஈர்க்குத் துண்டு. விரித்தேன். மஞ்சளாகக் காய்ந்து, இடையிடையே சிவப்பு. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகத் தேவையே இருக்கவில்லை. நான் குழைத்த சந்தனம்.

கழுவுகிற கல்லிலேயே இருந்துவிட்டேன். அந்தக் குழாயைப் பூட்டிய அன்று அவர் எனக்கு விளக்கம் சொன்னார். முன்னாலிருந்து வருகிற காற்று இதற்குள் போய்த்தான் முள்ளை அசைக்கும் என்றார். இது அடைபட்டால், என்று இன்னும் ஏதோ சொன்னார். நான் சட்டைக்குக் கொளுக்கி எண்ணிக்கொண்டு, ஓம், ஓம் என்றேன். கேட்கவில்லை. கேட்காதவள் போய்த் தாராளமாகச் சந்தனம் வைத்திருக்கிறேன். ஈரமாக இருக்கும்வரை காற்றுக்கு வழி விட்டிருக்கும், மேலே போய் உள்ளே தள்ளி இறுகியிருக்கும். பொம்மர் வந்து செய்யாததை நான் தட்டேந்திக்கொண்டு போய்ச் செய்யப் பார்த்தேன். வாய் விட்டு அழுதேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதேன், உள்ளே அவருக்குக் கேட்கக் கூடாதென்று.

சொன்னால் தேற்றுவார். எனக்குத் தேற்றுதல் வேண்டியிருக்கவில்லை. கைலேஞ்சியை மூன்று தரம் கழுவினேன். கறை போகவில்லை.

அதற்குப் பிறகும் அவர் பறந்தார். முள் ஒழுங்காக வேலை செய்தது. ஒவ்வொரு முறையும், "வரல்லியா?" என்பார். "தைக்கக் கிடக்கு" என்பேன். வேண்டிய மணித்தியாலம் பறந்து முடித்து, ஆள் ஏற்றலாம் என்று கடிதமும் வந்தது. நான் இன்னும் சத்தத்துக்குத்தான் பயப்படுகிறேன் என்று அவர் நினைத்தார். ஒரு நாள் கேட்பதையும் விட்டுவிட்டார். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். மற்ற இருக்கையின் பட்டி, வந்தபடியே பொலித்தீன் உறைக்குள் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

அவர் அந்தக் குழாய்க்கு கடையில் தருகிற ஒரு சொப்பின் பையைச் சுற்றி இழை கட்டி வைத்திருந்தார். நான் சிவப்புத் துணியில் அளவாக ஓர் உறை தைத்தேன். தூரத்தில் தெரிய நீளமாக ஒரு நாடாவும் வைத்தேன். உள்ளுக்கு மடித்து வைத்துத் தைத்தது அந்தக் கைலேஞ்சியை.

"இந்தாங்க. குளவி போகாது" என்று கொடுத்தேன்.

சந்தோசமாக வாங்கினார். தையலைப் பார்க்க உள்பக்கத்தைத் திருப்பினார். மஞ்சள் கறையைக் கண்டார். விரல் அதிலேயே நின்றது.

"குளவிக்குச் சந்தன வாசம் வருமா?" என்றேன்.

மர வாங்கில் இருந்துவிட்டார். "எப்ப தெரியும்?"

"அடுத்த நாளே."

"ஏன் சொல்லல்ல?"

"நீங்க ஏன் சொல்லல்ல?" என்றேன். "நான்தானே உங்களக் கொல்லப் பாத்தன். கண்டதுக்கெல்லாம் வாய் காட்டுறவள், அதைச் சொல்ல மட்டும் வாய் வரல்ல."

"உன்ட பிழை இல்ல புள்ள" என்றார்.

"தேத்த வேணாம்."

"தேத்தல்ல. கேள். ஆர் வந்து தொட்டாலும், ஏறுறதுக்கு முதல் ஓட்டுறவன் இன்னொருக்காச் சுத்திப் பாக்கணும். பத்தொன்பது வருசமா மத்தவனுகளுக்கு இதத்தான் நான் கத்திக் கத்திச் சொன்னன். அண்டைக்கு நான் பாக்கல்ல."

"ஏன்?"

உறையை நல்ல பக்கத்துக்குத் திருப்பிக்கொண்டே சொன்னார். "நீ ஓட்டோவால இறங்கி வாறத்தப் பாத்திட்டன். அதுக்குப் பிறகு நான் வேற ஒண்டையும் பாக்கல்ல."

அந்தக் கிழமையே நான் ஏறினேன். பூசை முதல், பரிசோதனை பிறகு என்று மாற்றிக்கொண்டோம். சந்தனம் சில்லுக்கும் கதவுக்கும் மட்டும். அவர் சுற்றி வந்து உறையைக் கழற்றி, குழாயைப் பார்த்து, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். பட்டியை அவரே பொலித்தீன் உறையிலிருந்து எடுத்து எனக்குப் பூட்டிவிட்டார். எஞ்சின் சத்தம் எழும்பியதும் உடம்பு தன் பாட்டில் கீழே போகப் பார்த்தது. பட்டி விடவில்லை.

"முள்ள மட்டும் பார்" என்று கத்தினார். "பாத்துச் சொல்லு எனக்கு."

பார்த்தேன். "எழும்புது" என்றேன். "இருபது. முப்பது. நாப்பது." கத்திக் கத்திச் சொன்னேன். சில்லின் அதிர்வு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

"போதும் புள்ள. கீழ பார். வாவி."

"நீங்க ஓட்டுங்க" என்றேன். "இறங்கிற வரைக்கும் நான் இதத்தான் பாப்பன்."

பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், மகள் ஃபோனில் கேட்டாள், சட்டை தைக்க வருகிறவர்கள் எல்லாம் இன்றைக்கும் கேட்கிறார்கள், மேலேயிருந்து பார்த்தால் நம்முடைய வாவி எப்படியிருக்கும் என்று. எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.